நுண்துளை அறுவை

வடசென்னையில் கல்மண்டபத்திற்கு அண்மையில் உள்ளது ஸ்டான்லி மருத்துவமனை. துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும் கடலில் வலை இழுப்போரும் நோயுற்றால் அதனை நாடுவர். அவர்களை வருத்தும் நோய்களுள் பித்தப்பைக் கல்லும் ஒன்று.

பித்தப்பை என்பது கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு பை. அதனுள் கற்கள் தோன்றி வருத்துமாயின், கற்களோடு பையையும் அகற்றிவிடுவதே முறை. 1882ஆம் ஆண்டு பெர்லின் நகரில் லாங்கன்புக் என்பார் முதன்முதலில் இதனைச் செய்தார். அதன்பின் நூறாண்டுக் காலம், வலப்பக்க விலாவின்கீழ் வயிற்றை நீளக் கீறியே பையை எடுத்து வந்தனர். 1985இல் ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி அதனை வெளிக்கொணர்ந்தார். அவர் நாட்டு மருத்துவர்கள் அன்று அதனை ஏற்கவில்லை; புதுமைக்கு எங்கும் கிடைக்கும் வரவேற்பு இதுவே போலும்! 1990இல் பம்பாயில் உத்வாடியா இம்முறையை இந்தியாவிற்குக் கொணர்ந்தார். ஸ்டான்லி கல்லூரியில் பயின்ற பழனிவேலு, கோவையில் இதனை வளர்த்துப் புகழ் எய்தினார்.

உள்ளே நிகழும் வேலை இருமுறையிலும் ஒன்றே. வேறுபாடு வயிற்றுச் சுவரில் உண்டாகும் காயத்தில்தான் பெரிதும் உள்ளது. அக்காயம் உடலின் எதிர்ப்பாற்றலை எங்ஙனம் தாக்குகிறது?

தோலும் தசையும் அறுபட்டவுடன், அவ்விடத்து உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருளைக் குருதியில் விடுகின்றன. ஊரில் தீப்பற்றியதும் பறையறைவது போன்றது அது. அதனையேற்றுக் கல்லீரல் சி-எதிர்வினைப் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி விரைகின்றன. இது நன்மைக்கே. ஆயினும் பறையொலி அளவு கடந்தால், உடல் தானே அதனை அடக்க முயல்கிறது. அப்போது கிருமிகளை இனங்காணும் வெள்ளணுக்களின் ஆற்றலும் சில நாள் தளர்கிறது.

பெருங்கீறலுக்குப்பின் அவ்விரு பொருள்களும் மிக உயர்வதையும், நுண்துளைக்குப்பின் அவ்வளவு உயராமையையும் ஆய்வாளர் அளந்தறிந்தனர். தோலினுள் புரதத்தைச் செலுத்தி, அவ்விடம் தடிக்கிறதா எனப் பார்க்கும் சோதனை ஒன்றுண்டு. பெருங்கீறலுற்றோரின் தோல் முன்போல் தடிக்கவில்லை. மற்றவரிடம் அத்துணைத் தளர்ச்சி தோன்றவில்லை. கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரிலோ பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே நுண்துளை அறுவையை உடல் உணர்வதேயில்லை எனல் மிகை.

காயத்தில் சீழ்பிடித்தல் இம்முறையில் குறைவு. அன்றாடக் கூலிக்குச் சுமை தூக்குவோர் சில வாரங்கள் முன்னரே வேலைக்குத் திரும்புதல் சிறு செய்தியன்று. எனினும் பித்தப்பை கடுமையாக அழன்று அண்டை உறுப்புகளோடு ஒட்டியிருப்பின், துளைவழியே தொடங்கிய மருத்துவரும் வயிற்றைத் திறந்தே முடிப்பதுண்டு. பித்தக்குழாய் தவறி அறுபடுவதினும் பெருங்கீறல் மேலன்றோ?