கயிறும் வட்டமும்: சீ.என்.சீ. பழகும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சாதாரண தரம் முடித்து இயந்திரப் பயிற்சிக்குப் போகிறார்கள். அப்படிப் போன தம்பி ஒருவர் லீவில் பாலாவிக்கு வந்தார். "வட்டம் வெட்டுற பாடத்திலே நல்ல இரும்புத் துண்டொன்றைப் பாழாக்கிப்போட்டேன். இனிப் போக மாட்டேன்" என்றார். தென்னை மரத்தடியில் அவரோடு இருந்து நாங்கள் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

தென்னைக்கு உரம் போட வட்டம் கீறுவது எப்படி? கயிற்றை மரத்தில் தளர்வாய்க் கட்டி, மறு நுனியைப் பிடித்துச் சுற்றி வருகிறோம். மரம்தான் மையம், கயிறுதான் ஆரை. இயந்திரத்துக்கும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கே முடிப்பது, மரம் எங்கே நிற்கிறது.

ஜி 02 என்றால் வலஞ்சுழி, அதாவது மணிக்கூட்டு முள் போகும் பக்கம். ஜி 03 இடஞ்சுழி. எக்ஸ், வை இரண்டும் முடியும் இடம். ஐ, ஜே இரண்டும் மையத்தைக் காட்டும். பெரும்பாலான இயந்திரங்களில், தொடங்கும் இடத்திலிருந்து மையத்துக்குள்ள தூரமே ஐயும் ஜேயும்.

இப்போது 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை வெட்டுவோம். வெட்டும் கருவியின் விட்டம் 10. துளையின் ஆரை 20, கருவியின் ஆரை 5. ஆகவே கருவியின் நடு போகும் வட்டத்தின் ஆரை 15. மையம் எக்ஸ் 0, வை 0. தொடங்கும் இடம் எக்ஸ் 15, வை 0. அங்கிருந்து மையம் இடப்பக்கம் 15 தள்ளி இருப்பதால் ஐ சய 15. எழுதும் வரி:

ஜி 03 எக்ஸ் 15 வை 0 ஐ -15 ஜே 0 எஃப் 100

எஃப் என்பது நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் நகர வேண்டும் என்பது.

தம்பி விட்டது அந்தச் சய அடையாளத்தைத்தான். அப்போது மையம் எக்ஸ் 30க்குப் போய்விடும். 20இல் நிற்க வேண்டிய வெட்டு 50 வரை போகும். கால் வட்டமென்றால் கணக்குப் பொருந்தாமல் இயந்திரம் பிழை காட்டி நிற்கும். முழு வட்டத்தில் தொடக்கமும் முடிவும் ஒன்றே. எந்த மையமும் பொருந்திவிடும். இயந்திரம் வாய் திறக்காது.

ஐ, ஜேக்குப் பதில் ஆர் என்று ஆரையை எழுதுவதும் உண்டு. முழு வட்டத்துக்கு அது உதவாது. ஒரு புள்ளி வழியாக அதே ஆரையில் எத்தனையோ வட்டம் போகலாமல்லவா?

ஆகவே, முதலில் கடதாசியில் கீறுங்கள். அடையாளத்தைப் பாருங்கள். பிறகு கருவியை உயர்த்தி வைத்துக் காற்றிலே ஒருமுறை ஓடவிடுங்கள். அதன் பிறகே இரும்பைத் தொடுங்கள்.

வீட்டுக் கணக்கு: 60 மில்லிமீற்றர் துளை, அதே கருவி. விடை: எக்ஸ் 25, ஐ சய 25.

தம்பி இதைத் தானே செய்து காட்டினார். அடுத்த திங்கள் பயிற்சிக்குத் திரும்பிப் போனார். பெற்றோரே, ஒரு துண்டு கெட்டதற்காகப் பிள்ளையை மறித்து வைக்காதீர்கள். துண்டுக்கு வேறு துண்டு கிடைக்கும்.