மெய்நிகர் உலகில் ஆங்கிலம் பேசத் தொடங்க: முழுமையான வழிகாட்டி

தமிழ்வழியில் படித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ கடலூர்க் கல்லூரிக்கோ வரும் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் தேர்வு எழுதிவிடுவார்கள். எழுந்து பேசச் சொன்னால் வாய் வராது. இவர்களுக்கு இலக்கண வகுப்பை மேலும் கூட்டுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். இவர்களிடம் குறைவது பேசும் விருப்பம்.

1998-இல் மெக்கின்டயர் என்ற ஆய்வாளரும் வேறு மூவரும் இரண்டாம் மொழியில் பேசும் விருப்பத்தை ஆறு அடுக்குப் பிரமிடாக வரைந்தார்கள். அந்த விருப்பத்தை நேரே தாங்குபவை இரண்டு: இன்னாரிடம் பேசவேண்டும் என்ற ஆசை, இப்போது என்னால் முடியும் என்ற தெம்பு. இரண்டையும் மெய்நிகர் உலகில் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: உள்ளே போங்கள்

செகண்ட் லைஃப் (2003), விஆர்சாட் (2017) என்ற மெய்நிகர் உலகங்கள் இரண்டிலும் கணக்குத் தொடங்கக் காசில்லை. தலையில் மாட்டும் கருவி வேண்டாம். கம்ப்யூட்டரும் மைக் உள்ள ஹெட்போனும் போதும். உங்களுக்காக அங்கே உலவும் உருவமான அவதார் ஒன்றைத் தேர்ந்து, மைக்கை அணைத்துவிட்டுச் சில நாள் கேட்டுக்கொண்டே திரியுங்கள்.

இரண்டாம் படி: தட்டச்சில் பேசுங்கள்

செகண்ட் லைஃபில் 2007 வரை குரல் வசதியே கிடையாது. எல்லாரும் தட்டச்சு செய்துதான் பழகினார்கள். எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும், உச்சரிப்புப் பயமும் இல்லை. ஆனால் இங்கேயே தங்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: மைக்கைத் திறங்கள்

கூட்டத்தில் வேண்டாம், ஒருவரிடம். அவரும் மொழி கற்பவராக இருந்தால் நல்லது. விஆர்சாட்டில் ஆங்கிலமும் ஜப்பானியமும் கற்பவர்கள் கூடும் இடங்கள் உண்டு. அங்கே தடுமாறாதவர் குறைவு, அதனால் கூச்சமும் குறையும்.

என்ன பேசுவது? நம் ஊரைத்தான். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகும் வழியை, கெடிலம் கடலில் சேரும் இடத்தை, சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே தேரேறி வெளியே வருவதைச் சொல்லுங்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2004 முதல் நடராஜர் சிலை நிற்கிறது. ஐரோப்பியர் ஒருவர் எதிரில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். நமக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாததைச் சொல்லும்போது, இலக்கணப் பிழையை எண்ணித் தயங்க மனசுக்கு நேரமிருக்காது. அவர் மறுகேள்வி கேட்டால் உரையாடல் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

பாதுகாப்பு

உண்மைப் பெயர், செல்போன் எண், விடுதி விவரம் எதையும் தராதீர்கள். யாராவது அத்துமீறினால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பிளாக் செய்யுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வகுப்புத் தோழியரோடு சேர்ந்து, நண்பர்கள் மட்டும் நுழையும் அறையில் தொடங்குங்கள்.