நோவை நிறுக்க ஒரு தராசு

அன்னையர் தினம் நெருங்கும்போதெல்லாம், தெற்கே கோமாரி முதல் வடக்கே மருதமுனை வரை, இலங்கையின் அம்பாறைக் கரையோரத்துக் கைபேசிகளில் தவறாது வலம்வரும் ஒரு செய்தி உண்டு. மனித சரீரம் 45 அலகு நோவை மாத்திரமே தாங்கவல்லது என்றும், பிள்ளை பெறும் வேளையில் ஒரு தாய் 57 அலகு நோவை அனுபவிக்கிறாள் என்றும், அது 20 எலும்புகள் ஏககாலத்தில் முறிவதற்குச் சமானம் என்றும் அச்செய்தி கூறும். தாயின் பெருமையைப் பேசும் நோக்கம் உத்தமமானதாகையால், தாங்கும் எல்லை 45 ஆயின் 57 எங்ஙனம் தாங்கப்பட்டது என்று அதனை வாசிப்பவர் எவரும் கேட்கத் துணிவதில்லை. அத்தகைய அலகு ஒன்று வைத்திய சாஸ்திரத்தில் இல்லை. இருபது எலும்புகளை ஒருங்கே முறித்து நோவை நிறுத்துப் பார்த்த பரிசோதகன் எவனும் இருந்ததுமில்லை.

எனினும், பொய்க்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1940களில் நியூயோர்க் நகரில், கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹார்டி, வுல்ஃப், குடெல் ஆகிய மூவர், மனிதரின் நெற்றியில் கரி பூசி, கண்ணாடி வில்லையாற் குவித்த விளக்கின் வெப்பத்தை அதிற் பாய்ச்சி, நோவு முதன்முதல் தோன்றும் நிலையிலிருந்து இதற்குமேல் வேற்றுமை அறிய இயலாது என்னும் உச்சம் வரை 21 படிகளை எண்ணி, இரண்டு படிகளுக்கு ஒன்றாகப் பத்தரை அலகு கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்து, அவ்வலகுக்கு 'டோல்' என நாமமிட்டனர். இம்முறையைப் பிரசவ அறைக்கும் கொண்டுசென்றோர், நோவெடுத்துக் கிடந்த பெண்களின் கையிலே சூட்டைச் செலுத்தி, இது பெரிதா அது பெரிதா என்று வினவினர் என்பதை இன்று வாசிக்கையில் உள்ளம் கூசுகின்றது. பிற ஆய்வாளர் முயன்றபோது அவ்வளவைகள் ஒத்துவரவில்லை, அளவுகோல் கைவிடப்பட்டது. பின்னர் 1975இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக், கருவியை விடுத்து நோயாளியின் வாய்மொழியையே நாடி, குத்துவது, எரிவது, பிடுங்குவது, துடிப்பது என நோவைப் பேசும் 78 சொற்களைக் கொண்டு வினாக்கொத்து ஒன்றை இயற்றினார். அதனைப் பிரசவித்த பெண்களிடம் பிரயோகித்தபோது தெரியவந்தது யாதெனில், தலைப்பிரசவத்தில் நோவு பெரும்பாலும் அதிகம் என்பதும், சிலருக்கு அது மிதமாகவும் சிலருக்குச் சொல்லொணாக் கொடுமையாகவும் அமைகின்றது என்பதுமேயன்றி, எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான ஓர் எண் அன்று. தாயின் மகிமைக்கு எண்ணாற் சான்று தேடும் அதே மனிதர்கள், அவள் நோவடக்கும் மருந்து கேட்கும்போது, ஊரெல்லாம் பெறாத பிள்ளையா என்று அதட்டுவதையும் நாம் காண்கிறோம்.

காயம் எவ்வளவோ நோவும் அவ்வளவே என்பது அடுத்த நம்பிக்கை. 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையிலே பெருங்காயமுற்ற சிப்பாய்களிடம், நோவடக்கும் மருந்து வேண்டுமா என்று ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர் கேட்டபோது, நால்வரில் ஏறத்தாழ மூவர் வேண்டாமென்றனர். அவர்கள் வீரர்களாகையால் சகித்தனர் என்று எண்ணிவிடலாகாது; ஊசி ஏற்றுகையில் தவறாகக் குத்தினால் அவர்களும் முனகினர். 1965இல் மெல்சாக்கும் பட்றிக் வோலும் வெளியிட்ட கோட்பாடு இதனை விளக்க முற்பட்டது. புண்ணிலிருந்து புறப்படும் செய்தி மூளையை அடையுமுன் முள்ளந்தண்டிலே ஒரு வாயிலைக் கடக்கவேண்டியுள்ளது. அவ்வாயிலை மூளையே மேலிருந்து திறக்கவும் அடைக்கவும் வல்லது. உயிர் தப்புவதே தலையாய கருமமாகும்போது அது அடைபடுகின்றது. 2004இன் சுனாமியன்று தகரமும் கண்ணாடியும் காலைக் கிழித்தது தெரியாமல் ஓடி, மேட்டுநிலம் சேர்ந்து குந்தியபின்னரே இரத்தத்தைக் கண்டவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். மறுபுறத்தில், யுத்தத்திலே காலை இழந்தவருக்கு, இல்லாத அந்தக் காலின் விரல் இரவிலே எரிகின்றது. காயமின்றி நோவும் நோவின்றிக் காயமும் சம்பவிக்கும் உடம்பிலே, எல்லாவற்றிலும் கொடிய நோவு எதுவென்ற வினாவுக்கு, நொந்தவரைத் தவிர வேறெவரும் விடை கூற இயலாது.

மனநோவு வெறும் அலங்காரப் பேச்சு, சரீரத்தை அது தீண்டாது என்பாரும் உளர். 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் இருதய நோய் ஒன்றை வர்ணித்தனர்: பெருந்துக்கமோ பேரச்சமோ தாக்கிய சிறிது நேரத்தில், இரத்தக் குழாயில் அடைப்பு ஏதுமின்றியே இருதயத்தின் இடது அறை ஊதிப் பலவீனமுறுகின்றது, மாரடைப்பின் அடையாளங்கள் அனைத்தும் தோன்றுகின்றன, வயதான பெண்களையே இது அதிகம் பற்றுகின்றது, பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். செய்தி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள் என்றால் அது நடிப்பு என்று ஒதுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே முறை. ஆயினும், உடல்நோவையும் மனநோவையும் மூளை வேறுபடுத்தி அறியாது என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுவதும் மிகையே. இரண்டும் மூளையில் ஒரே இடங்களைத் தொடுவதாக 2003இல் வெளிவந்த ஆய்வு புகழ்பெற்றது. 2014இல் நுணுகி நோக்கியபோது, அதே இடங்களுக்குள்ளேயே இரண்டின் கோலங்களும் வெவ்வேறு எனப் புலப்பட்டது.

இனி, இக்கரைக்கே உரிய துக்கத்துக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்து இரண்டு மணி நேரம் ஆகுமுன்னர் அலை இங்கே ஏறிற்று. இலங்கையில் மாண்ட ஏறத்தாழ 35,000 பேரில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எனத் தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி வரும் இக்கரையிலே அலை எந்த ஊரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

அந்நாட்களில் உலகப் பத்திரிகைகள் யாவும் கல்முனையிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சென்றன. சேற்றிலும் இடிபாட்டிலும் உயிரோடு கண்டெடுக்கப்பட்ட சில மாதக் குழந்தை ஒன்றைக் கல்முனை வைத்தியசாலையில் சேர்த்தபோது, அன்றைய தினம் அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது ஆகையால், பெயரறியாத அக்குழந்தைக்கு அந்த எண்ணே பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் அதனைத் தம் பிள்ளையென உரிமை கோரிச் சண்டையிடுகின்றனர் என்ற செய்தி கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது. துக்கத்தின் உச்சத்தில் தாயானவள் புத்தி பேதலித்து, பிறர் பிள்ளையையும் பறிக்கத் துணிவாள் என்பதற்கு அது திருஷ்டாந்தமாகக் காட்டப்பட்டது. உண்மையோ வேறு. முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட, அவர்களே பெற்றோர் என நிரூபணமாகி, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் பிள்ளை அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டது. பிள்ளையைக் காணாத ஒருத்தி, குழந்தையொன்று தப்பியிருக்கிறதாம் என்று கேள்வியுற்று ஓடிவந்து, முகத்தைப் பார்த்து, இது என்னுடையதன்று என்று திரும்பிப் போயிருந்தால், அதனை உரிமை கோரல் என்று எழுதுவது எந்த நியாயம்? மெய்யாகவே பெற்றவளோ, சொந்தப் பிள்ளை அதே ஊர் வைத்தியசாலைத் தொட்டிலில் இருப்பது தெரிந்தும், தாக்கல் செய்த மனுவுக்குத் தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ ஏழு வாரம் காத்திருந்தாள்.

துக்கம் மனிதரைப் பைத்தியமாக்கிவிடும் என்ற இவ்வெண்ணமே, அலைக்குப் பிந்திய மாதங்களில், மனவள ஆலோசகர் பலரை வெளிநாடுகளிலிருந்து இங்கு கொண்டுவந்தது. நடந்ததை உடனே வாய்விட்டுச் சொல்லாதவர் பிற்காலத்தில் நோயாளியாவார் என்று கருதி, முகாம்களிலே மக்களைப் பேசவைத்தோரும், சிறுவரைப் படம் வரையவைத்தோரும் அவர்களுள் இருந்தனர். நல்லெண்ணத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், விபத்து நிகழ்ந்த கையோடு ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைக்கும் முறை பிற்கால நோயைத் தடுக்கவில்லை என்பதும், சிலருக்குத் தீங்கே விளைத்திருக்கக்கூடும் என்பதும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட முடிபு. உலக சுகாதார ஸ்தாபனமும் அதனைச் சிபாரிசு செய்வதில்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கம் ஐந்து படிகளில் இறங்கும் என்பதும் இவ்வாறே. எலிசபெத் குப்ளர்-றோஸ் 1969இல் அப்படிகளை எழுதியது மரணப்படுக்கையிற் கிடந்த நோயாளிகளோடு உரையாடியே தவிர, பிள்ளையையோ கணவனையோ பறிகொடுத்தவர்களைப் பற்றியன்று. கோபமே வராத விதவையைப் பார்த்து, இன்னும் இரண்டாம் படிக்கே வரவில்லை என்று சொல்வது ஜாதகம் பார்த்துச் சொல்வதிலும் அதிக ஆதாரமுடையதன்று.

நமது ஊர்களிலும் இதற்கு நேரெதிரான பிழை ஒன்று வழங்குகின்றது. மையித்து வீட்டில் கண்ணீர் விட்டால் சபூர் என்னும் பொறுமை கெட்டுவிடும், அழுகை இறைவிதியை எதிர்ப்பதாகும் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே அடக்குவதுண்டு. நபிகள் நாயகம் தம் சிறு மகன் இப்றாஹீமின் மரணத் தறுவாயில் கண்ணீர் சொரிந்தார்கள் என்பது மார்க்க அறிஞர் யாவரும் அறிந்த செய்தி. விலக்கப்பட்டது கன்னத்தில் அறைந்து, ஆடையைக் கிழித்து, விதியைப் பழித்து ஓலமிடுவதேயன்றிக் கண்ணீரன்று. தமிழூர்ச் செத்தவீட்டில் ஒப்பாரி வைப்பவளின் துக்கம் பெரிது, முஸ்லிமூர் மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு மௌனமாயிருப்பவளின் துக்கம் சிறிது என்று சத்தத்தைக் கொண்டு தீர்மானிப்பவர் இரு சாராரையும் அறியாதவர். 2022இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டிலே நீடித்த துக்கம் ஒரு நோயாக இடம்பெற்றபோதுகூட, ஆறு மாதமேனும் கடந்திருக்கவேண்டும் என்பதோடு, அவரவர் சமூகமும் மதமும் வழக்கமும் வகுத்த கால எல்லையைத் தெளிவாக மீறியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பவளையும், ஆண்டுத்திவசம் வரை கோயில் கொடியேற்றத்துக்குப் போகாதவனையும் அந்நூலைக் காட்டி நோயாளியாக்க இயலாது.

யான் நெடுநேரம் நின்று பேச விரும்புவது இனி வரும் நம்பிக்கையைப் பற்றியே. ஏனெனில், ஏனையவை நோவைத் தவறாக அளந்தன, இதுவோ நோவை உண்டாக்கிற்று. பிரேதங்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்று அஞ்சி, அலை வந்த அன்றும் மறுநாட்களிலும் இக்கரையெங்கும் இறந்தோரை அவசர அவசரமாகப் பெருங்குழிகளில் அடக்கினர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, நாட்டில் வைத்தியர் பலரும் அன்று அவ்வாறே நம்பினர். எனினும், நீரில் மூழ்கியும் அடிபட்டும் இறந்தவர் தொற்றுநோயால் இறந்தவரல்லர். இறந்த உடலிலே பெரும்பாலான நோய்க்கிருமிகள் நெடுநாள் வாழ்வதுமில்லை. கொலரா, எபோலா போன்ற சில நோய்களால் இறந்தோரைப் பொறுத்தே விசேட எச்சரிக்கை வேண்டும். மற்றபடி தூக்குபவர் கையுறை அணிந்து, கை கழுவினாற் போதும். குளிப்பாட்டவும் கபனிடவும் இயலாத நிலைமைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, நீரில் மூழ்கியவர் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி, என்ற ஆறுதலும் உண்டு. ஆனால் எந்த மையவாடியில், எந்தக் குழியில், யாரோடு யார் என்று தெரியாமற் போனதற்குச் சலுகை எதுவும் ஈடாகவில்லை. முகம் காணாத மரணத்தை நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல், எங்கோ ஒரு வைத்தியசாலையில் நினைவிழந்து கிடக்கிறானோ என்று ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்திருந்த உம்மாமாரின் வேதனை அந்த அவசரத்தின் விளைவு. காலிக்கு அருகே கராப்பிட்டிய வைத்தியசாலையில், புதைக்குமுன் பிரேதங்களைப் புகைப்படமேனும் எடுத்து வைத்தனர். சுனாமியின் படிப்பினையைக் கொண்டே 2006இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிறரும் கைநூல் ஒன்றை வெளியிட்டு, ஒவ்வோர் உடலுக்கும் தனி எண், முகப்படம், அடையாளக் குறிப்பு, பின்னர் தோண்டி எடுக்கக்கூடிய வண்ணம் வரிசையாக ஒற்றை அடுக்கில் அடக்கம் என விதித்தனர்.

அந்நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் ஆனபின்னும் அதே அச்சம் வேறு வேடத்தில் திரும்பிற்று. 2020இல் கொவிட் தொற்றால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்று கூறி, இலங்கை அரசாங்கம் எரிப்பதைக் கட்டாயமாக்கிற்று. அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறிற்று. உலகின் ஏனைய நாடுகளுள் மிகப் பெரும்பாலானவை அவ்வாறே செய்தன. ஜனாஸா தொழுகையும் கபுறும் இன்றித் தம்மவர் சாம்பலாவதைக் காணச் சகியாது, உடலைப் பொறுப்பேற்கவே மறுத்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. அவ்வாண்டு டிசெம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலும் இறந்தவர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் அந்த நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தமிழரும் சிங்களவரும் சிலர் அங்கே முஸ்லிம்களோடு அடக்கமாகியுள்ளனர். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீர்நிலைகளை ஆராய்ந்தவர்கள், முறையாகச் செய்யப்படும் அடக்கத்தால் கிருமி பரவாது என்று அதற்கு முன்னரே தெரிவித்திருந்தனர்.