மூன்றாவது பெட்டியை முதலில் வரை

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்து முடித்தேன். எங்கோ இருக்கும் காடும் ஆறும் மனிதர்களும் வேறெங்கோ இருக்கும் ஊரை எப்படி இழுக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாய். ஜியாங்குவோ லியூவும் அவரது சகாக்களும் 2013-இல் முன்வைத்த தொலைப்பிணைப்புச் சட்டகத்தை அழகாகச் சுருக்கியிருக்கிறாய். வோலாங் பாண்டா காப்பகம் வருகிறது, பிரேசில் சோயா சீனத்துப் பன்றிப் பண்ணைக்குப் போவதும் வருகிறது. எல்லாம் சரி. வில்லாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எதற்குப் பிரேசிலுக்குப் போகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உன் வீட்டுக் குழாயில் வருவது எந்த மலையில் பெய்த மழை என்று பார்த்தாயா?

அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை செத்துப் பிழைத்த பிறகு, மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1895-இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை திறக்கப்பட்டது. தேக்கடியில் மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர்கேம்ப்பில் நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகை அணையில் சேருகிறது. குமுளிச் சாலையில் பஸ்ஸில் போனால் அந்தக் குழாய்கள் கண்ணுக்கு நேரே தெரியும். வைகை அணையிலிருந்து எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரைக்கு அனுப்புகிறார்கள். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக வைகையில் திறந்துவிடும் தண்ணீரிலும் இடுக்கி மழைக்குப் பங்கு உண்டு.

சட்டகத்தில் மூன்று பெட்டி வரைகிறார்கள்: அனுப்பும் இடம், பெறும் இடம், இரண்டிலும் சேராமல் பாதிப்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடம். உன் வரைபடத்தில் முதல் பெட்டி தேக்கடி, இரண்டாவது மதுரை, நடுவில் தடித்த நீல அம்புக்குறி. மூன்றாவது பெட்டியில் 'பிற பகுதிகள்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பெட்டியை முதலில் வரை. மற்ற இரண்டையும் பற்றி அரசாணை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சிலை இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி நீ நடந்து போய்க் கேட்டால்தான் உண்டு.

யார் யார் அதில் வருவார்கள்? அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் சப்பாத்திலும் இருப்பவர்கள். மழை வலுத்தால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். நிபுணர் குழுக்கள் அணை பலமாக இருக்கிறது என்றன. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை தேக்கலாம் என்றது. என் கருத்தும் அந்தப் பக்கம்தான். அதற்காக அவர்கள் பயத்தை 'வதந்தி' என்று ஒரே சொல்லில் கழித்துவிடாதே, பயமும் அந்த அணையின் விளைவுதான். அடுத்து, அந்தக் காட்டின் மன்னான், பளியர் குடிகள். ஏரி வந்தது, ஏரியைச் சுற்றிச் சரணாலயம் வந்தது, 1978-இல் புலிகள் காப்பகமும் வந்தது. இன்று அவர்களின் குடியிருப்புகள் குமுளி ஓரத்தில் இருக்கின்றன. மதுரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கட்டிய அணை, கேரளத்துக்கு ஒரு சுற்றுலாத் தலத்தைக் கொடுத்த கதையை எந்தப் பக்கத்து அரசியல்வாதியும் மேடையில் சொல்வதில்லை.

இந்தப் பக்கம் வா. பெரியாறு பாசனத்தில் சுமார் 45,000 ஏக்கர் இருபோகம், 1,05,000 ஏக்கர் ஒருபோகம். மேலூர்க்காரருக்கு வாய்க்கால் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய்க்காகத் தலைமுறைக் கணக்கில் போராடினார்கள். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகை எப்போது வரும் என்பது இன்றும் கேள்விதான். மதுரைக்காரனுக்கு ராமநாதபுரத்தின் நினைவு வருவது வெள்ளம் வந்தால் மட்டும். இன்னொரு பக்கம் மேகமலையும் வருசநாடும். வைகைக்குச் சொந்தமான ஊற்றுக்கண் அங்கேதான். 2021-இல் அதைப் புலிகள் காப்பகமாக அறிவித்தபோது ஆற்றைக் காப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மலையில் நெடுங்காலமாகப் பயிர் செய்பவனை, கீழே குடிப்பவனுக்காக இறங்கச் சொல்லலாமா? உன் ஆய்வு இந்தக் கேள்வியைத் தொடாமல் போனால் அது வெறும் நீரியல் பாடம்.

லோயர்கேம்ப்பிலிருந்தே குழாய் போட்டு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டரை மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆற்றில் வந்தால் வழியில் மண் குடிக்கும், கிணறு ஊறும், வாழைக்கும் ஆகும். குழாயில் போனால் எதுவும் இல்லை. ஆனால் உன் படத்தில் இரண்டுக்கும் ஒரே அம்புக்குறிதான்.

அம்புக்குறி பின்னோக்கியும் பாயும். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள்: பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து, மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. காய்கறி லாரிகளும் அதே மலைப்பாதைகளில்தான் ஏறுகின்றன. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றிக் குமுளி எல்லை அடைபட்டபோது, முதலில் கூலி இழந்தவர்கள் இந்த ஜீப்பில் போகிறவர்கள்தான். அவர்களுக்கு அணையின் உயரத்தைப் பற்றி ஒரு கருத்தும் இருந்திருக்க வேண்டியதில்லை.

இனி உன் தெருவுக்கு வருகிறேன். இவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி ஒரு பர்லாங்கில்தான் அரசியலாகிறது. வில்லாபுரத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடியவர் லீலாவதி. நெசவாளி, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், 1996-இல் மாநகராட்சிக் கவுன்சிலர் ஆனவர். குழாய் வந்தால் லாரித் தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்கு நஷ்டம். 1997 ஏப்ரல் 23 அன்று உங்கள் பகுதியிலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். 'முகவர்கள்' என்ற தலைப்பில் பொதுப்பணித் துறை, மின்வாரியம், இரண்டு மாநில அரசுகள் என்று நீ போட்டிருக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. லாரிக்காரரும் இல்லை. இரும்புச் சாவியோடு சைக்கிளில் வந்து வால்வைத் திறந்துவிடுபவரும் இல்லை. எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷம் என்பது அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பதும் தெரியும். அவரோடு ஒரு டீ குடி. அதற்குப் பிறகு பொறியாளரைப் பார்.

மதுரையின் கண்மாய்களையும் விட்டுவிடாதே. உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் உலகநேரி ஒரு கண்மாய். தூரத்துத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு பக்கத்துத் தண்ணீர் மனைக்கட்டாக மாறுவது எளிதாயிற்று என்பது என் ஊகம். இதைச் சோதித்துப் பார்க்க உன்னால் முடியும். தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்கு. எந்தெந்தக் குடியிருப்பின் சர்வே எண் முன்பு நீர்ப்பிடிப்பாக இருந்தது, எந்த வருஷம் வகைமாற்றம் ஆனது என்று எடு. குழாய் வந்த வருஷங்களை அதன் பக்கத்தில் வை. என் ஊகம் தப்பாக வந்தால் அப்படியே எழுது, எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று. மலையாளம் எழுத்துக்கூட்டியாவது படிக்கக் கற்றுக்கொள். தேனிப் பக்கம் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-க்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அதே அணையின் கதை வேறு மாதிரி ஓடுகிறது. தமிழ்ப் பத்திரிகையை மட்டும் படித்துவிட்டு இரண்டு மாநில ஆய்வு என்று அட்டையில் போடாதே. பத்திரிகை என்றதும் நினைவுக்கு வருகிறது: அணை நீர்மட்டம் தினமும் அச்சாகிறது, கம்பத்தில் டீக்கடைக்கு வருகிறவர்கள் ராசிபலனுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார்கள். நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டினால் பல வருஷத்துக் கணக்கு காசில்லாமல் கிடைக்கும்.

களப்பணியை உசிலம்பட்டியில் தொடங்கு. வைகை அணை 67 அடியைத் தொட்டால்தான் 58 கால்வாய்க்குத் தண்ணீர். தொட்ட வருஷமாகப் பார்த்துப் போகாதே, அப்போது எல்லாரும் வயலில் இருப்பார்கள். தொடாத வருஷம் போ, பேச ஆள் கிடைக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்