மோடி படிக்காமல் தஞ்சாவூரைத் தொடாதீர்கள்

தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும் துறையில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "மோடி ஆவணமெல்லாம் தமிழில் வந்தாச்சும்மா. அதை வச்சு எழுது, போதும்." போதவே போதாது. மோடி என்பது தஞ்சை மராட்டியர் மராத்தி ஆவணங்களை எழுதிய எழுத்து; அந்த ஆவணங்களில் தமிழாகி அச்சில் வந்திருப்பது ஒரு பகுதிதான். அவர் பேச்சை நம்பிய முதல் வருஷம் மொத்தமாகப் போயிற்று.

மராத்தி தெரியும், தேவநாகரி தெரியும் என்று மோடிக்குள் இறங்கிவிட முடியாது. எழுத்தர் முதலில் வரி முழுக்க ஒரு கோடு இழுத்துக்கொள்வார். பிறகு எழுதுகோலை அதிகம் தூக்காமல் அதன்கீழ் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போவார். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. இகர, உகரங்களில் குறில் எது, நெடில் எது என்று பிரித்துக் காட்டாது. ழகரத்துக்கு எழுத்தே இல்லை. நம் ஊர்ப்பெயர் அதற்குள் மாட்டினால், மராத்தி மட்டும் தெரிந்தவர் திணறுவார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் சொல்கிறேன், இது ஒரு துறைக்குள் முடிகிற வேலை இல்லை.

 

என் சத்திர ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்விலும் இந்தத் துறைச் சிக்கல் வந்தது. "இது வரலாறா, மருத்துவமா, சமூகவியலா?" என்று கேட்டார்கள். 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்ட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801இல் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்குச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கருக்குச் சோறு, குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குக் கவனிப்பு, அனாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அதில் அடுக்குகிறார். இதை எந்தத் துறையில் அடைப்பது? இராமேசுவரம் போகிற யாத்திரிகருக்கு ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரம் ஒரே கட்டடம்தான். அதை மூன்றாக வெட்டச் சொன்னால் வெட்ட மாட்டேன் என்றேன். இன்றைக்கும் அதேதான் சொல்வேன்.

நீங்களும் மராட்டியர் காலத்தை எடுக்கப்போகிறீர்கள் என்றால், தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே மோடி கற்றுத்தர ஆள் தேடுங்கள். பெரிய கோயில் சுவரில் 1803இல் வெட்டிய, மராட்டிய அரசர்களின் போன்சலே வம்ச சரித்திரம் தேவநாகரியில் இருக்கிறது; மராத்திக்கு அங்கே கை பழகுங்கள். மொழிபெயர்ப்பே போதும் என்கிற நெறியாளர் கிடைத்தால், தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.