மான் தப்பினால் அம்புமுனையா குற்றவாளி?

கேள்வி: அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுவோர், அடிபட்ட மான் தப்பிவிட்டால் அம்புமுனையைக் குறை சொல்கிறார்களே, சரியா?

பதில்: பெரும்பாலும் சரியில்லை. காம்பவுண்ட் வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் போகும். நாணின் ஒலியோ 340 மீட்டர். 30 மீட்டர் தொலைவில் ஒலி எட்டிய பிறகும் அம்பு வந்துசேரக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. மிரண்ட வெண்வால் மான் பாய்ந்தோடக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்த அது தாராளமாகப் போதும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பாய்கிறது. இதில் முனையின் பிழை என்ன? அந்தத் தொலைவில், காதை நிமிர்த்தி விழிப்பாக நின்ற மான்மீது எய்யத் தீர்மானித்தவர் மனிதர்தான். விரியும் அலகு கொண்ட முனை சில வேளை விரியாமல் போவதுண்டே என்பார்கள். உண்மைதான், ஆனால் மோசமான சாய்கோணத்தில் தோள் எலும்பில் பட்டால் எந்த முனையும் தடுமாறும். கருவியின் கோளாறுகளில் பல, வேட்டைக்கு முன்பே அதே முனையால் எய்து பார்த்தால் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம். குறி பிசகிய அம்போடு மணிக்கணக்கில் துடிப்பது மான்.