உள்ளே போய் வந்தவர்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் மூன்று பேர் தாங்களாகவே கல்லூரி முதல்வர் அறைக்குள் போய், அரை மணி நேரத்தில் வெளியே வந்து, "முடிஞ்சுது, எல்லாரும் கிளம்புங்க" என்றிருக்கிறார்கள். நீயும் இன்னும் முப்பது பேரும் எழுந்திருக்கவில்லை. இப்போது அவர்களுக்கு நீங்கள் கலகக்காரர்கள், உங்களுக்கு அவர்கள் துரோகிகள். "யார் பக்கம் நியாயம், அத்தை?" என்று கேட்டிருக்கிறாய்.

2017 ஜனவரியில் நீ நாலாம் வகுப்பு. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து நடந்த போராட்டத்தில், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மூன்று இரவு நான் மெரினா மணலில் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

அதே தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் கைதானவர்களை விடுவிக்கச் சொல்லி ஜனவரி 17 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே திரண்டது சிறு கூட்டம்தான். இரவில் தெருவிளக்குகள் அணைந்தபோது அத்தனை பேரும் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் கடற்கரை கொள்ளவில்லை. யாரைக் கேட்டாலும் "எங்களுக்குத் தலைவர் கிடையாது" என்பார்கள். கரைவேட்டி கட்டிய ஒருவர் பேச எழுந்தபோது சுற்றியிருந்த பிள்ளைகள் விடாமல் கைதட்டியே அவரை உட்கார வைத்ததைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் தொலைக்காட்சிக்கு ஒரு முகம் வேண்டும், அரசுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். நாம் யாரையும் அனுப்பாவிட்டால் அந்த இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் நாட்டு மாடுகளுக்காகவும் ஜல்லிக்கட்டு வழக்குக்காகவும் வருஷக்கணக்கில் அலைந்தவர்கள். பேர் வாங்க வந்தவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உன் கல்லூரி மூவரையும் அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதே.

21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள், அந்த முகங்களில் சிலர் செய்தியாளர்களிடம், வெற்றி கிடைத்துவிட்டது, கலைந்து செல்லுங்கள் என்றார்கள். வேறு நோக்கம் உள்ளவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சும் சேர்ந்து வந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பையனின் செல்போன்மேல் எட்டுத் தலைகள் கவிழ்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் கேட்டாள்: "அங்க உட்கார்ந்து பேசுறவங்க இங்க வந்து சொல்லக் கூடாதா?"

அந்தக் கேள்விதான் இன்றுவரை என் மனதில் இருக்கிறது. சட்டமன்றம் கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். அதனால்தான் மணலில் இருந்தவர்கள் நிரந்தரச் சட்டம் கேட்டார்கள். சட்டமன்றமோ மறுநாளே, 23ஆம் தேதி, கூட இருந்தது. மசோதா வரும், அதில் என்ன இருக்கும் என்று யாராவது வந்து கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதிப் பேராவது நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். அதற்குப் பதிலாக, போக மறுத்தவர்களுக்கு 'வேறு நோக்கம் உள்ளவர்கள்' என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த நாள் விழுந்த அடிக்கு நியாயம் சொல்ல அந்தப் பட்டமே போதுமானதாக இருந்தது.

உட்கார்ந்தே இருந்தவர்கள் பக்கத்திலும் குறை உண்டு, கயல். எது கிடைத்தால் எழுந்திருப்போம் என்று அவர்கள் முடிவு செய்யவே இல்லை. கோரிக்கைகள் மேல் கோரிக்கைகள் சேர்ந்தன. 23 விடியற்காலை போலீஸ் வந்து கிளம்பச் சொன்னபோது சிலர் அவகாசம் கேட்டார்கள். ஆனால் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு நேரத்தைச் சொல்லவோ, சொன்னதைக் காப்பாற்றவோ அங்கே ஆள் இல்லை. இழுத்துத் தள்ளியதில் பிள்ளைகள் அலை ஓரத்துக்குப் போய் நின்று தேசிய கீதம் பாடினார்கள்.

அன்று பெரிய விலை கொடுத்தது மெரினாவை ஒட்டிய மீனவர் பகுதியான நடுக்குப்பம். ஓடி வந்த பிள்ளைகளுக்கு மீனவர் குடியிருப்புகளில் அடைக்கலம் கொடுத்தார்கள். அங்கே இருந்த மீன் சந்தை எரிந்து சாம்பலானது. போலீஸ்காரர்களே தீ வைப்பதாகக் காட்டும் காணொளிகளும் வெளிவந்தன. கலைந்து போகச் சொன்னவர்களும் போக மறுத்தவர்களும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, கூடை வைத்து மீன் விற்ற பெண்களுக்கு உட்கார இடம் இல்லை. அவர்களை யாரும் எந்தக் கூட்டத்திலும் கலந்து பேசியதில்லை.

அன்று மாலை சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் மெரினாவுக்கே வந்து, அதில் என்ன இருக்கிறது என்று மீதமிருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு அவர்கள் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் முன்னால் நடந்திருக்க வேண்டியது.

திங்கட்கிழமை மறுபடி பேச்சுவார்த்தை என்கிறாய். உள்ளே போகிறவர்களை இந்த முறை நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அந்தப் பழைய மூவரில் ஒருவரும் இருக்கட்டும், முதல்வரிடம் பேசிப் பழகியவராயிற்றே. எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளலாம் என்று வாசலிலேயே தாளில் எழுதிக் கொடுங்கள். உள்ளே யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். வெளியே வந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகு போடட்டும். உங்கள் முப்பது பேரில் உதவித்தொகையை நம்பிப் படிக்கிறவர்கள் யார் யார் என்று தனியாகக் கேட்டு வை. வருகைப்பதிவு குறைந்தால் உனக்கு அப்பா திட்டுவார், அவ்வளவுதான்; அவர்களுக்குப் படிப்பே நின்றுவிடலாம்.

இன்னொன்று. ராத்திரி கேட்டைப் பூட்டாமல் விட்ட வாட்ச்மேன் அண்ணனுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள் என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அவருக்காக முதல்வரிடம் யாராவது பேசினீர்களா? உங்கள் முப்பது பேரும் அந்த மூன்று பேரும் சேர்ந்தே போங்கள். என்ன சொன்னார்கள் என்று உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை